களம்பூரில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர்

சேவூர் டீக்கடையில் குமரேசன் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலை. கொட்டுகிற மழையில், இளஞ்சிவப்புச் சட்டை போட்ட மெக்சிகோக்காரப் பையன் ஒருவன் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். அவன் எந்த ஊரில் ஜெயித்தான், எந்த இறக்கத்தில் விழுந்தான் என்பதெல்லாம் குமரேசனுக்கு மனப்பாடம். சொந்த மருமகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டால் யோசிப்பான்.

"பாத்தியா, இந்த மழையிலயும் சட்ட சாயம் போவல" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சாயம் என்றாலே கொதிக்கிற கொப்பரையின் புளித்த வாடை வந்துவிடும். எங்கள் வாலிப வயதில், நான் ஆரணியில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் உள்ளங்கையைப் பார்த்தால் அன்றைக்கு என்ன நிறம் போட்டோம் என்று தெரியும். பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்; அது ஒரு வசதி.

குமரேசன் தறி வீட்டுப் பிள்ளை. ஆனால் கால் தறிக்குழியில் நிற்காது, சைக்கிள்தான். அந்த வருடம் ஆரணியிலிருந்து போளூர் போய்த் திரும்பும் பந்தயம் வைத்தார்கள். முதலில் வருபவன் மாநிலப் போட்டிக்குப் போவான். அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஆரணி பேரச் சொல்லி ஓட்டப்போறான், பனியன் துணியிலயா போவான்?" என்றார் அவன் அப்பா. மிஞ்சிய பட்டுநூலில் சட்டைத்துணி நெய்வதென்று முடிவானது. நிறம் சிவப்பு; நூலுக்குச் சாயம் போடுவது என் வேலை. மூன்றாம் நாள் அமாவாசை, அன்று தறியைத் தொடமாட்டார்கள். அதற்கு மறுநாள் பந்தயம். "ஜல்தியா குட்றா" என்று குமரேசன் பட்டறை வாசலிலேயே நின்றான். நூலில் ஒட்டாத சாயத்தைக் கழுவும் கடைசி அலசலை நான் விட்டுவிட்டேன். பட்டுப்புடவையை யார் நனைக்கப்போகிறார்கள் என்று பட்டறையில் எல்லோரும் செய்வதுதான். இது புடவை இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பந்தயத்தன்று போளூர் போகும் வழியில், களம்பூர் ரைஸ்மில் வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். திரும்பி வரும்போது அவன்தான் முதல், பின்னால் கண்ணுக்கெட்டிய வரை ஆளே இல்லை. "ஊத்துறா!" என்றான். குடம் முழுவதையும் முதுகில் ஊற்றினேன். பாசம்.

நூறு அடி போவதற்குள் தொடை, கால், சக்கரம் எல்லாம் சிவப்பு. பந்தய டாக்டர் ஜீப்பிலிருந்து குதித்து அவனை மறித்துப் படுக்கவைத்தார்.

"ரத்தம் இல்ல சார், சாயம் சார்!" என்று கத்தினான்.

"அடிபட்டவன் இப்டித்தான் ஒளறுவான். கெட்டியா புடிங்க" என்றார் டாக்டர்.

அதற்குள் பதினோரு பேர் தாண்டிப்போனார்கள். நான் வெறும் குடத்தோடு நின்று எண்ணினேன்.

இத்தனை வருடம் இதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. வெட்கம்தான். அன்று டீக்கடையில் சொல்லிவிட்டேன். "டேய், அந்த நூலுக்குக் கடைசி அலசு நான் போடலடா."

"தெரியும். முதுவத் தேச்சவன் நான்தான?" போனிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "கீழ வுழுந்துட்டேன்னுதான் இன்னிக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்கேன். இல்லன்னா உன் வேல போயிருக்கும்."

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவன் போன் அங்கே வாங்கியதுதான். அவன் முதுகுச் சிவப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. அதன் பிறகும் இரண்டு வருடம், அடுத்த பந்தயத்துக்காக, தினமும் விடியலில் சந்தவாசல் வரை மிதித்துவிட்டு வந்தான். அடுத்த பந்தயம் வைக்கவே இல்லை.