தீவுக்குப் போகாத ஜெனரேட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் நியூஜெர்சியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு அப்போது சுதந்திரத்துக்கான வாக்கெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதுவரை வெளிநாட்டு உதவிகளெல்லாம் ஆளும் நாட்டின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும். இனித் தீவே நேரடியாகக் கேட்டு வாங்க ஓர் அலுவலகம் வேண்டும். அதை அமைத்துக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை.

அந்த அலுவலகத்துக்குத் தலைவராகப் போகிற அம்மாள் பயிற்சிக்காக வந்திருந்தார். பல வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ரசத்தில் காரம் பத்தாது என்று உரிமையோடு குறை சொல்வார்.

எங்கள் திட்டப்படி எந்தப் பொருளைத் தீவுக்கு அனுப்பினாலும் நன்கொடையாளர், ஆளும் நாடு, தீவு என்று மூவரும் கையெழுத்திட வேண்டும். “கேட்பது நாங்கள். எங்கள் கையெழுத்து ஏன் கடைசியில்?” என்று கூட்டத்தில் அந்த அம்மாள் கேட்டார். மேலாளர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நானும் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த இலையுதிர் காலத்தில் தீவைப் புயல் தாக்கியது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. நன்கொடையாக வந்த புது ஜெனரேட்டர் ஒன்று நியூஜெர்சியிலேயே எலிசபெத் துறைமுகக் கிடங்கில் அந்த மூன்று கையெழுத்துக்காகக் காத்திருந்தது. காலையிலிருந்து போன் செய்தேன். ஆளும் நாட்டு அதிகாரி, “அது இனிமேல் புது அலுவலகத்தின் பொறுப்பு” என்றார். நன்கொடையாளரோ, “வாக்கெடுப்பு முடியும்வரை அப்படி ஓர் அலுவலகமே கிடையாதே” என்றார். மேலாளர் அடுத்த வாரக் கூட்டத்தில் பேசலாம் என்றார்.

என் மேஜைக்குப் பக்கத்திலேயே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய வார்டில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “நீ எதுவும் பண்ணாத. கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். வேலை போச்சுன்னா என்ன பண்றது?” என்றார். அவர் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் போனை எடுத்தேன்.

ஜெர்சி சிட்டியிலிருந்து தீவுகளுக்கு அரிசி, மசாலா ஏற்றுமதி செய்யும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரை அழைத்தேன்.

“அங்கிள், ஒரு ஜெனரேட்டர் அனுப்பணும்.”

விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். “போர்ட்ல இருக்குறதத் தொடாதம்மா, கேஸாயிடும். எனக்குத் தெரிஞ்ச கன்ஸ்ட்ரக்‌ஷன்காரர்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. என் கன்டெய்னர் நாளைக்குக் கெளம்புது. அரிசி மூட்டையக் கொஞ்சம் எறக்கிட்டு அத ஏத்திடுவோம். நீ கவலப்படாத.”

சொன்னபடியே ஏற்றிவிட்டார். ஆனால் கப்பல் போய்ச் சேருவதற்குள் அந்த வார்டில் ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது. செய்தி வந்தபோது அந்த அம்மாள் அழவில்லை. தாயின் பெயரைக் கேட்டார். “அவள் பிறந்தபோதும் நான்தான் பிரசவம் பார்த்தேன்” என்றார்.

ஜெனரேட்டர் போய்ச் சேர்ந்து ஓடவும் செய்தது. மேலாளர் என்னைத் திட்டவில்லை. இப்படிக் குறுக்கு வழியில் பொருள் போகாமல் தடுக்க நான்காவதாக ஒரு கையெழுத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னார். அதையும் என்னைத்தான் டைப் பண்ண வைத்தார். அதைப் படித்துவிட்டு அந்த அம்மாள் பயிற்சி முடியும்முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார். நூவர்க் விமான நிலையத்தில் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

வாக்கெடுப்பில் சுதந்திரம் தோற்றது. அவர் போனில் சொன்னார்: “கிடங்கில் கிடந்த ஒரு ஜெனரேட்டரை வாங்கித்தர முடியாத நீங்களா நாட்டை ஆளப்போகிறீர்கள் என்று எங்கள் ஜனங்களே கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?”

மறுபடியும் வார்டு வேலைக்கே போய்விட்டதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுவது போனில் கேட்டது. “போக வேண்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.