வேலியிலிருந்து பத்தடி

செம்பு தேடுவதுதான் என் தொழில். திருகோணமலைப் பக்கத்துக் காடுகளில் மூன்று வருடமாக ஒரு நீளமான கருவியைத் தோளில் கொழுவிக்கொண்டு நடக்கிறேன். மண்ணுக்கு அடியில் மின்சாரம் இலகுவாகப் பாயும் பொருள் ஏதாவது கிடந்தால் கருவியின் திரையில் எண் ஏறும். எண் ஏறிய இடத்தில் துளை போட்டுப் பார்ப்போம். இதுவரை எனக்கு உவர்நீர் கிடைத்திருக்கிறது, களிமண் கிடைத்திருக்கிறது, ஒருமுறை பாதி உழவு இயந்திரம் கிடைத்தது. செம்பு மட்டும் கிடைக்கவில்லை.

என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே செம்பு யாழ்ப்பாணத்துப் புத்தூரில், என் மாமி வீட்டு வளவில். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். செம்பு தேடுகிறவன் வரைபடத்தில் முதலில் வெட்டிவிடும் இடம் இது.

மாமி அப்பாவின் தங்கை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். போர்க்காலத்தில் ஊரே ஒரே நாளில் இடம்பெயர்ந்தபோது அவர் கையில் எடுத்தது வேதப்புத்தகமும் காணி உறுதியும். தூக்க முடியாத, நெல் அவிக்கும் சீதனச் செப்புக் கிடாரத்தை, வேலியிலிருந்து சரியாகப் பத்தடி அளந்து, கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார். மாதக்கணக்கில் அலைந்து திரும்பிவந்து, அதே பத்தடி அளந்து தோண்டினால் வெறும் மண். பக்கத்து வீட்டு அன்ரி ஒரு கிழமை முந்தியே ஊருக்குத் திரும்பியிருந்தார். மாமிக்கு அது போதும். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சனம் கலைய முந்தி, தேவாலய வாசலில் வைத்து அன்ரியைக் "கள்ளி" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. தேவாலயத்தில் மாமி இடது பக்க வாங்கில் இருந்தால் அன்ரி வலது பக்க வாங்கில். இத்தனை வருடத்தில் இருவரும் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. மற்றவர் வராமல் விட்டால்தானே தானும் விடலாம்.

இந்தமுறை லீவில் வந்தபோது கருவியும் என் வாகனத்தில் இருந்தது. மாமி கண்டுவிட்டார்.

"உது செம்பைக் காட்டுமோ?"

"காட்டும் மாமி. ஆனால்..."

"ஆனாலை விடு. என்ரை வளவிலை கிடாரம் இல்லையெண்டு நீ அளந்து எழுதித் தா. நான் சாக முந்தி அதை ஊருக்குக் காட்டவேணும்."

இருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை இதுவரை அனுப்பியிருக்கிறார்கள். இல்லாததைக் கண்டுபிடிக்கச் சொன்ன முதல் ஆள் மாமிதான்.

அடுத்தநாள் காலையில் வேலை தொடங்கியது. "மாமி, கிட்ட வாறதெண்டால் காப்பு, தாலி எல்லாம் கழட்டோணும். உலோகம் கருவியைக் குழப்பும்," என்றேன். மாமா செத்த பிறகும் கழற்றாத தாலியைக் கழற்றச் சொன்ன வாயால் இனி அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால் மாமரத்தடியில் கதிரை போட்டு, கொப்பியும் பேனையும் கொடுத்து, நான் சொல்லும் எண்களை எழுதும் வேலையை அவருக்குக் கொடுத்தேன்.

நல்ல காலம், கதியால் தடிகள் நட்டு ஓலை கட்டிய வேலி. தகரமென்றால் கருவி அதையே பாடிக்கொண்டு நின்றிருக்கும். வேலியிலிருந்து கயிறு பிடித்து, இரண்டடிக்கு ஒருதரம் நின்று எண்ணைச் சொன்னேன். முதல் இரண்டடியிலேயே எண் எகிறியது. மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"கண்டியோ! உவளின்ரை பக்கம்தான் கிடக்கு!"

நான் எட்டிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அன்ரி அலுமினிய வாளியோடு நின்று விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. அந்த வாளியை அங்காலை வைச்சிட்டு வாறியளோ?"

அன்ரி வாளியை வைத்துவிட்டு வந்தார். எண் இறங்கியது. மாமி எழுதியதை விருப்பமில்லாமல் வெட்டினார்.

நாலு, ஆறு, எட்டு. பத்தாவது அடியில் ஒன்றுமே இல்லை. "இல்லை எண்டு எழுதிப்போட்டன்," என்றார் மாமி, வேலிக்குக் கேட்கும்படியாக. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் கேட்டவருக்குப் பிடித்த இடம் வந்ததும் கயிற்றைச் சுருட்ட முடியாது, அளவுக் கோட்டைக் கடைசிவரை முடிக்கவேண்டும். பன்னிரண்டில் எண் அசைந்தது. பதினான்கில் எகிறியது. மூன்று வருடமாக நான் காத்திருந்த எகிறல் அது. நானும் எகிறினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மண்வெட்டியால் கொத்தி, பிறகு இரும்பு அலவாங்கை இறக்கினேன். மூன்றாவது குத்தில் "ணங்" என்றது. கவிழ்த்துப் புதைத்த, பச்சை பிடித்த கிடாரம். அடியில் என் அலவாங்கு போட்ட புத்தம்புது ஓட்டை. மாமி முழங்காலில் இருந்து அதைத் தடவித் தடவி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு அவருடைய பார்வை கொப்பியில் போய் நின்றது. அழுகையும் நின்றது.

"மூடு."

"என்ன மாமி?"

"மண்ணைப் போட்டு மூடடா!"

வேலிக்கு மேலால் அமைதியாக ஒரு குரல் வந்தது.

"பதினாலிலை பத்துப் போனால் நாலு, ரீச்சர்."

அன்ரி மாமியிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்.

கிடாரம் மண்ணுக்குள் நடக்காது. நடந்தது வேலி. ஊர் திரும்பியபோது பழைய வேலி இருக்கவில்லை. புதிதாகக் கதியால் நட்டவர் மாமா; மாமி பத்தடி அளந்து தோண்டியது அந்தப் புது வேலியிலிருந்து. நல்ல மனிதர், ஆனால் எல்லைக்குக் கதியால் நட்டால் அது எப்போதும் அடுத்த காணிக்குள் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். பத்தடியில் கிடாரம் இல்லையென்றதும் காரணம் விளங்கியிருக்கக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். அன்றைக்கு அன்ரி வீட்டைப் பார்த்து ஆகப் பெரிதாகச் சத்தம் போட்டவரும் அவர்தான். கிடாரம் போனாலும் நாலடி நிற்கட்டும் என்று நினைத்துவிட்டார். செத்துப்போன மனிதரென்றும் பாராமல் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஆனாலும் மாமிக்கு நான் ஒரு வழி காட்டினேன். "அண்டைக்கு அவசரத்திலை பதினாலைப் பத்தெண்டு எண்ணியிருப்பியள், மாமி." ஒரு "ஓம்" சொன்னால் போதும். வேலி நிற்கும், நிலமும் நிற்கும், மாமாவின் பெயரும் நிற்கும்.

பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோல மாமி என்னைப் பார்த்தார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"என்ரை அளவு சரி. வேலிதான் பிழை."

"வேலி கிடக்கட்டும், ரீச்சர்," என்றார் அன்ரி. "நான் எடுக்கேல்லை."

மாமி நிலத்தைப் பார்த்தபடி, "நீ எடுக்கேல்லை," என்றார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். ஊருக்குச் சொல்லுங்கோ."

வேலியை மாற்ற ஆளுக்குச் சொல்லியாயிற்று. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அறுவடைத் திருநாள். அதற்காக நான் லீவை நீட்டினேன். மாமி கிடாரத்தைப் புளிபோட்டுத் தேய்த்து, ஓட்டைக்கு மேல் ஒரு பூசணிக்காயை வைத்து, காணிக்கைகளோடு முன்னுக்குக் கொண்டுபோய் வைத்தார். ஆராதனை முடிந்ததும் சனம் கிடாரத்தைச் சுற்றி நின்றது. கேட்ட ஒவ்வொருவருக்கும் மாமி முதலிலிருந்து சொன்னார்: பத்தடி, பதினாலடி, மாமா போட்ட வேலி. "அவள் எடுக்கேல்லை. நான்தான் பொய்யாச் சொன்னனான்." முதல் ஆளுக்குச் சொல்லும்போது குரல் உடைந்தது. பத்தாவது ஆளுக்குப் படிப்பிக்கும் குரல் வந்துவிட்டது.

அன்ரி வீட்டுக்குப் போகாமல் இருந்து ஒவ்வொரு தரமும் கேட்டார். கடைசியாக வந்தவருக்கு மாமி களைப்பில் கொஞ்சம் சுருக்கிவிட்டார்.

"உங்கடை அவர் வேலி போட்டதை விட்டிட்டியள், ரீச்சர்," என்றார் அன்ரி, இடது பக்க வாங்கில் மாமியின் இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு.

மாமி திரும்பவும் வேலியிலிருந்து தொடங்கினார்.