ஜேபஸ் டிப்பெட்டின் பத்து நாள்

நானூற்றுப் பன்னிரண்டு டாலர். புகையிலைப் பண்ணை முதலாளி ராய்ஸ் ஆஷ்கோம் எனக்குத் தர வேண்டியிருந்த கூலி அவ்வளவு.

இது 1996 நவம்பரில் நடந்தது. அமெரிக்காவில், மேரிலாந்தின் பட்டக்ஸென்ட் ஆற்றோரம். ஒரு சொல்கூட நான் இட்டுக்கட்டவில்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். பேய் பார்க்க வேண்டும் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த வீடுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும் பட்டணத்து ஆட்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். பேய் என்ன மாப்பிள்ளையா, விருந்து வைத்ததும் வர? நான் பேயைத் தேடிப் போகவில்லை. கூலிக்குப் போனேன்.

ஆஷ்கோம் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். பொய் முடியும் பூனை முகமுமாக ஒரு கிழவர். அவரது மூதாதை. "ஒன்பது தலைமுறையா நாங்க இந்த மண்ணுல இருக்கோம்" என்பார் ஆஷ்கோம். ஒன்பது தலைமுறையாக அந்த மண்ணில் குனிந்தது யார் என்று சொல்ல மாட்டார். கூலி கேட்டால், "அடுத்த வாரம், டிப்பெட்" என்பார். அந்த அடுத்த வாரம் செப்டம்பரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. என் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி காலி. மனைவி நடீனுக்கு நெஞ்சில் சளி. இரவெல்லாம் இருமினாள்.

என் சித்தப்பா மகள் லொரெட்டாவுக்கு வேறு கவலை. அனாபொலிஸ் ஆவணக்கூடத்துக்கு வாரம் தவறாமல் போய் எங்கள் வம்சத்தைத் தோண்டினாள். ஒரு பிரபுவாவது கிடைப்பான் என்று நினைத்தாள். கிடைத்தவன் ஜேபஸ் டிப்பெட். லண்டனில் கொடியில் காய்ந்த இரண்டு சட்டையைத் திருடியவன். 1741-இல் விலங்கோடு கப்பலில் வந்து இறங்கியவனை ஏழு வருட அடிமை வேலைக்கு விலைக்கு வாங்கியது, அந்தப் பொய்முடிக் கிழவர்.

ஆஷ்கோமுக்கு இது தெரிந்ததும் ஒரே சிரிப்பு. "அப்போ உங்க ஆளை எங்க ஆளு காசு குடுத்து வாங்கியிருக்காரு. பில் இருக்கான்னு பாரு டிப்பெட்!"

நானும் சிரித்து வைத்தேன். பணம் வர வேண்டுமே.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

கொட்டகையில் தொங்கவிட்ட புகையிலை காய்ந்த பிறகு பனிமூட்டத்துக்காகக் காத்திருப்போம். ஈரம் ஏறினால்தான் இலை பதமாகும். இல்லையென்றால் தொட்டதும் நொறுங்கும். பதம் வந்த அன்று, இலை தொங்கும் கழிகளை இறக்கிவிட வேண்டும். ஒருவன் கூரைக்கடியில் மேல் சட்டத்தில் காலைப் பரப்பி நிற்பான். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்க்க மாட்டான். தூசி கண்ணில் விழும். கையை மட்டும் நீட்டுவான். கழி கைக்கு வரும்.

கால் கடுத்தால் மேலே நிற்பவன், "இன்னும் எத்தனை நாள்டா?" என்று கத்துவான். கீழே நிற்பவன் "பத்து!" என்பான். ஒரே நாள் வேலை பாக்கி இருந்தாலும் பத்துதான். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் அது ஒரு பழைய கிண்டல். ஏன் பத்து என்று யாரும் கேட்டதில்லை.

பிற்பகல் மணி மூன்று நாற்பது. வெளியே பனி, பால் மாதிரி. கொட்டகைக்குள் நுழைந்தேன். மேலே சட்டம் கிரீச்சிட்டது. என் கூட்டாளி கிளீவ் முந்திவிட்டான் என்று நினைத்தேன்.

"என்னடா, இன்னிக்கு அதிசயமா சீக்கிரம் வந்துட்ட?"

பதில் இல்லை. பெண்டாட்டியோடு சண்டையாக இருக்கும். கையை நீட்டினேன். கழி வந்தது. அடுக்கினேன். மறுபடி நீட்டினேன். வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கிளீவ் வேலை செய்தால் பாடுவான், துப்புவான். இங்கே சத்தமே இல்லை. என் தொப்பியில் தூசியும் விழவில்லை. கையிலிருந்த கழியைப் பார்த்தேன். எங்கள் கழிகள் ரம்பத்தில் அறுத்தவை. இது கோடரியால் பிளந்தது. புது மரத்தின் வாசம்...

அப்போது மேலிருந்து குரல்.

"இன்னும் எத்தனை நாள்?"

வாய் பழக்கம். யோசிக்கவே இல்லை.

"பத்து!"

மேலே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக. அடிபட்டவன் இழுப்பது போல...

கையை நீட்டினேன். கழி வரவில்லை.

விரல்கள் வந்தன.

சில்லென்று. முழுக்கக் காய்ப்பு. என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தன.

கதவு திறந்தது. "மன்னிச்சுக்க, ஹோபார்ட். வண்டி மக்கர் பண்ணிடுச்சு."

வாசலில் கிளீவ்.

என் கை இன்னும் மேலேதான் இருந்தது...

பிடியில்.

வெள்ளிக்கிழமை லொரெட்டா வீட்டுக்குப் போனேன். நடந்தது எதையும் சொல்லவில்லை. பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியை முன்னால் வைத்துவிட்டு, அவளே ஆரம்பித்தாள்.

"அந்தச் சட்டைத் திருடன் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுடுச்சுடா."

"பிரபுவா செத்தானா?"

"வாய மூடு. ஏழு வருஷம் முடியுற நேரத்துல நாலு நாள் ஓடிப் போயிருக்கான். அப்போ சட்டம் என்ன தெரியுமா? ஒரு நாள் ஓடினா பத்து நாள் கூட்டி உழைக்கணும். நாப்பது நாள் கூட்டிட்டாங்க. முப்பது முடிச்சான். நவம்பர்ல ஆஷ்கோம் கொட்டகையில மேல் சட்டத்துலேர்ந்து விழுந்துட்டான்."

ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"அப்போ பத்து நாள் பாக்கி" என்றேன்.

"பத்து நாள் வேலை நஷ்டம்னு அந்தக் கிழவன் கோர்ட்டுல மனு வேற குடுத்திருக்கான், படுபாவி. பொணத்தை எங்க போட்டான்னு எழுதலை. விடுதலைன்னா சாட்சி வெச்சு எஜமான் வாயால சொல்லணும். ஒரு உடுப்பும் குடுத்து அனுப்பணும். அதான் அப்போ வழக்கம். இவனுக்கு எதுவும் இல்ல."

அன்று நான் சொன்ன "பத்து" என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

சனிக்கிழமை காலை கொட்டகை வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. இருட்டைப் பார்த்து, "முடிஞ்சுதுப்பா. நீ போகலாம்" என்றேன்.

மேலே சட்டம் கிரீச்சிட்டது.

"நீ யாரு சொல்றதுக்கு?" குரலில் எகத்தாளம். "உன் கையும் என் கை மாதிரிதானே இருக்கு?"

வீட்டுக்கு ஓடினேன். நடீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இருமி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஆஷ்கோம் சும்மா வந்து சொல்லுவாரா?"

"செத்தாலும் வர மாட்டாரு."

"காசு மிச்சமாகும்னா?"

நான் அவளைப் பார்த்தேன். "எண்ணெய்?"

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுத்துக்கறேன். அந்த ஆளு இருநூத்தம்பது வருஷமா நிக்கிறான், ஹோபார்ட். அதுல நீ வேற பத்து நாள் கூட்டிட்டு வந்திருக்க."

திங்கட்கிழமை ஆஷ்கோமிடம் போனேன். "என் கூலியை விட்டுடறேன். கொட்டகைக்கு வந்து, 'ஜேபஸ் டிப்பெட், உன் காலம் முடிஞ்சுது, போகலாம்'னு ஒரு தடவை சொல்லுங்க. போதும்."

அவர் என் மூச்சை முகர்ந்து பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று. பிறகு முகம் மலர்ந்தது.

"நானூத்திப் பன்னிரண்டு டாலரும்?"

"ஒரு சதம் பாக்கி இல்லாம."

"உங்க வம்சத்துக்குத் திருட்டு மட்டும்தான்னு நினைச்சேன். கிறுக்கும் இருக்கா? ஏறு வண்டியில."

மாலை நான்கு ஐம்பது. மறுபடி பனி. பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டில், இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, ஆஷ்கோம் கொட்டகை நடுவே நின்றார். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேடம் போட்டவர் போலத் தொண்டையைக் கனைத்தார்.

"ஜேபஸ் டிப்பெட்! உன் காலம் முடிஞ்சுது! போகலாம்!" என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆச்சா?"

ஒன்றும் இல்லை.

"நாலு வார்த்தைக்கு நானூறு டாலர். தினம் கூப்பிடு, டிப்பெட்..."

கிரீச்.

மேல் சட்டம்.

பிறகு அதற்கடுத்த சட்டம். வெறுங்கால். இறங்கியது.

கிரீச்... கிரீச்...

ஆஷ்கோமின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது.

தரையில் சருகு நொறுங்கியது. எங்களுக்கு எதிரே வந்து நின்றது.

யாரும் இல்லை. மூச்சு மட்டும்...

"என் உடுப்பு?"

ஆஷ்கோமின் கால்சட்டை நனைவதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோட்டைக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார். நீட்டினார். கோட்டு அவர் கையை விட்டுப் போனது.

கீழே விழவில்லை.

கோட்டின் ஒரு கை நிறைந்தது. மறு கையும் நிறைந்தது.

தலையில்லாத கோட்டு கதவைத் தாண்டியது. பனிக்குள் போனது.

அவ்வளவுதான்.

ஆஷ்கோம் வீட்டுக்கு நடந்தே போனார். கார் இரண்டு நாள் கொட்டகை வாசலில் நின்றது. சாவி கோட்டுப் பையில் போயிருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலம் எப்படிக் கழிந்தது என்பது நடீனுக்கும் எனக்கும் தெரியும். பிழைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் கொட்டகையின் மூலைத் தூண் உளுத்துவிட்டது. மாற்றுவதற்காகக் கிளீவும் நானும் தோண்டினோம். இடுப்பளவு ஆழம். கல்போன்ற களிமண். இருநூறு வருஷமாக மண்வெட்டி படாதது என்று சத்தியம் செய்வேன். அதற்கடியில் எலும்பு தட்டியது.

ஷெரிஃப் வந்தார். மண்ணை ஒதுக்கினார். கழுத்தெலும்பு முறிந்த ஆள். சுருண்டு கிடந்தான். அவன்மேல் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு, எல்லாப் பொத்தானும் போட்டபடி. ஷெரிஃப் பையில் கைவிட்டு ஒரு கார்ச் சாவியை எடுத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எலும்பு இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கும். கோட்டு புதுசு. யாரோடதுய்யா இது?"

ஆஷ்கோம் என்னைப் பார்க்கவில்லை. சாவிக்குக் கை நீட்டவும் இல்லை.

"அவனோடது" என்றார். "நான் குடுக்க வேண்டியிருந்தது. குடுத்துட்டேன்."