பால் காய்ச்சாத வீட்டின் அட்வான்ஸ்

ஆரியசாலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விட்ட காலத்தில் நான் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். குடிவருகிறவர்கள் அங்கே பால் காய்ச்சும்வரை அட்வான்ஸ் அவர்கள் பணம். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். என் வீட்டுக்காரர்கூடத் தொடக்கூடாது. அவர் தொடுகிற ஆள்தான்.

ஓர் ஆடி மாதம் நாகர்கோவில் பக்கத்து கிளார்க் ஒருவர் பணம் தந்தார். மனைவிக்கு நிறைமாதம், ஆவணியில் பிள்ளையோடு வருகிறோம் என்றார். ஆவணியும் வந்தது, ஆளைக் காணோம். கூடுதல் வாடகைக்கு ஆள் நிற்கிறது என்று தரகர் தினமும் காதைக் கடித்தார். எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்று அந்த மனுஷனைத் தனியாகத் திட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் விளக்கேற்றிய கையோடு நிற்கையில் வந்தார். முழுக்க நனைந்திருந்தார். மனைவியை இங்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறாராம், உடனே ஆபரேஷனாம். அட்வான்ஸைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டுப் பணம் படியிறங்கினால் மகாலட்சுமியும் கூடவே இறங்கிவிடுவாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். "விளக்கு வச்சாச்சே, காலைல வாங்களேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தாலாவது நானும் போட்டிருப்பேன்.

சாமி முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. பின்கட்டில் இன்னும் பால் காய்ச்சவில்லை; இது என் வீட்டுப் பணமே இல்லையே! எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். பழவங்காடிக்குப் போகிற வழியில் அவரைப் பிடித்துக் கையில் திணித்தேன். நன்றி சொல்ல வந்தவரை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டினேன். வீடு திரும்பியும் பயம் விடவில்லை. அந்தப் பெண்ணை நினைத்துப் பயந்தேன். கொஞ்சம் எங்கள் வீட்டை நினைத்தும்தான்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று சேதி வந்தது. தரகரை வாசலோடு திருப்பியனுப்பிவிட்டு, பின்கட்டைப் பூட்டியே வைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவளே வந்தாள், தோளில் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சப் போகிறோம், அட்வான்ஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். அன்றும் வெள்ளிக்கிழமை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இப்பப் பணம் குடுக்கக்கூடாது மக்ளே. உனக்குத் தெரியாதா? நாளைக்குக் கொண்டாந்து தா" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னைக்கு நீங்க குடுத்தீங்கல்லா" என்று நோட்டுகளை என் கையில் வைத்தாள்.