நான் வைக்காத ஸ்டேட்டஸ்

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்காவது பிறந்த நாள், கல்யாண நாள் என்றால் அவர்கள் போட்டோவைப் போனில் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். சுற்றிலும் பூ, கீழே வாழ்த்து. காலையிலேயே வைத்துவிட வேண்டும். வைக்கவில்லை என்றால் மத்தியானம் போன் வரும். "என்ன, எங்க மேல ஏதும் கோவமா?" பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்கூட இதில் தவறுவதில்லை. நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஸ்டேட்டஸ் மட்டும் வைப்பார்கள்.

நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியவள் நான். வாழ்த்தெல்லாம் சொந்தமாக எழுத வராது. யாராவது பூப்போட்ட படம் அனுப்பினால் அதையே வைப்பேன். என் மகளின் மூன்றாவது கல்யாண நாளுக்கு மட்டும் வைக்கவில்லை.

பாலக்கரையில் எனக்கு ஒரு தையல் மிஷின் இருக்கிறது. வீட்டின் முன் அறைதான் கடை. ஜாக்கெட் மட்டும் தைக்கிறேன். வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள். ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே ஒரு அபார்ட்மெண்டில் மேல் மாடி. பால்கனியில் நின்றால் கோபுரம் தெரியும். போட்டோவில் கோபுரம் விழ வேண்டும் என்றுதான் அந்த வீட்டைப் பிடித்தார் என்று மகள் பிறகு சொன்னாள்.

மாப்பிள்ளை இரண்டு பேர் பெயரையும் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருந்தார். முக்கொம்பு பார்க்கில் ஊஞ்சலில் இரண்டு பேரும். ஹோட்டலில் ஒரே தட்டில் இரண்டு பேரும். கோயில் வாசலில் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியும். எல்லாவற்றிலும் மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். பாபினில் நூல் சுற்றுகிற நேரத்தில் அதைப் பார்ப்பேன். நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுப்பேன்.

அதனால் தெருவில் எனக்கும் ஒரு மரியாதை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி துணி கொடுக்க வரும்போதெல்லாம் போனை நீட்டுவாள்.

"அக்கா, உங்க பொண்ணு போட்டிருக்கே, இதே மாதிரி கழுத்து வச்சுக் குடுங்க."

"அது உன் முதுகுக்கு எடுக்காதும்மா."

"அப்ப இந்த மாதிரி மாப்பிள்ளையாவது ஒண்ணு தேடிக் குடுங்க. இருக்கறத மாத்திக்கறேன்."

சிரிப்போம்.

என் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என் மகளின் போட்டோ ஒன்றையும் விடமாட்டாள். எல்லாவற்றையும் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைப்பாள். தன் மருமகள் பார்க்க வேண்டும் என்றுதான் வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையில் மகள் ஜாக்கெட் துணி கொடுத்தனுப்பினாள். கூடவே அளவு ஜாக்கெட். போனில் சொன்னாள்.

"கல்யாண நாளுக்குப் போட்டோ ஷூட் வச்சிருக்கார்மா. ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைல. முழுக்கை வேணும். கழுத்து மூடி."

"இந்த வெயில்லயா?"

"இப்ப அதான் ஃபேஷன்."

"கை கொஞ்சம் எறங்கினாலே புழுங்குதும்பியேடீ."

"தச்சுக் குடும்மா."

அளவு ஜாக்கெட்டை விரித்தேன். தலை தீபாவளிக்கு நானே வெட்டித் தைத்த பச்சை ஜாக்கெட். இரண்டு பக்கமும் உள்ளே பிடித்திருந்தது. மிஷின் தையல் இல்லை. கறுப்பு நூலால் கையாலேயே ஓட்டியிருந்தாள். பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் இருக்கும். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். சதை போடும், பிரித்துவிட வேண்டி வரும். என்னிடம் பிரிக்கச் சொல்லி வருவார்கள். இவ்வளவு பிடிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

போனில் அவள் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். முகம் உப்பலாக, பளபளவென்று இருந்தது. மறுபடி ஜாக்கெட்டைப் பார்த்தேன். நான் ஜாக்கெட்டை நம்பினேன்.

மறுநாள் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு, துணியையும் இஞ்சு டேப்பையும் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

கதவு திறந்திருந்தது. பால்கனியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் முழுக்கைச் சுடிதாரில் டபராவும் டம்ளருமாக நின்றாள். மாப்பிள்ளை போனைப் பிடித்திருந்தார். காபி ஆற்றச் சொன்னார். ஆற்றினாள். இன்னும் உயரத் தூக்கச் சொன்னார். தூக்கினாள்.

"வாங்க அத்தை. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, நிழல் விழுது."

தள்ளி நின்றேன்.

"சிரி. கண்ணுலயும் சிரிப்பு வரணும். எத்தன தடவ சொல்றது?"

சிரித்தாள். திரும்ப ஆற்றினாள். காபியில் ஆவி இல்லை. எப்போதோ ஆறிப்போனது. படம் சரியாக வந்தபிறகு அதைத் தொட்டியில் கொட்டினாள். அவளும் குடிக்கவில்லை, அவரும் குடிக்கவில்லை.

"அளவு சரியில்ல மாப்பிள்ளை. மறுபடி எடுக்கணும்" என்றேன்.

"அளவு ஜாக்கெட் குடுத்தாளே?"

"அத வச்சுத் தைக்க முடியல."

என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போனுக்குள் போய்விட்டார்.

உள்ளறையில் அவள் கையைத் தூக்கித் துணியை மேலே மடக்கினேன். மேல் கையில் விரல் பதிந்த தடம். பழசு மஞ்சளாக, புதுசு கறுத்து.

"என்னது?"

"கதவு இடிச்சிடுச்சும்மா."

மற்றக் கையையும் மடக்கினேன். அதிலும் இருந்தது.

"ரெண்டு கதவா?"

கையை விடுவித்துத் துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள். டேப் என் கழுத்திலேயே கிடந்தது. அளவெடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"கிளம்பு" என்றேன்.

"எப்படிம்மா வரது? எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. நல்ல ஜோடி, கண்ணு படப்போகுதுன்னு எழுதறாங்க. இப்ப போய் இல்லைன்னு சொன்னா காறித் துப்புவாங்க. எல்லா போட்டோலயும் நான்தானே சிரிச்சிட்டு நிக்கறேன்?"

"துப்பட்டும். துடைச்சிக்கலாம்."

"கல்யாண நாள் முடியட்டும்மா. படம் சரியா வரலைன்னாதான் அப்படி. ஒழுங்கா சிரிச்சிட்டா ஒண்ணும் பண்ண மாட்டார்."

அதை அவள் சமாதானம் சொல்வது மாதிரி சொன்னாள். எனக்கு அதற்குமேல் கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஆனால் வளர்ந்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர முடியாது. அந்தக் கையை ஏற்கெனவே ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்.

பையிலிருந்து துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கத்தரி படாத துணி.

"இத நான் தைக்க மாட்டேன்."

"அம்மா."

"இத மறைக்கறதுக்கு என் மிஷின் ஓடாது."

"அப்ப வேற இடத்துல குடுத்துக்கறேன்." குரலில் கோபம் இருந்தது.

"குடுத்துக்கோ. வரணும்னு தோணினா வா. காலைல தோணினா காலைல வா. யார்கிட்டயும் கேக்காத, என்கிட்டயும் கேக்காத."

பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது இறங்கித் திரும்பிப் போகலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. தைத்தே கொடுத்திருக்கலாமோ என்றும் வந்தது. படம் கெட்டால் அவளுக்குத்தானே அடி. பாலம் முடிகிற வரை அதே யோசனை. ஆனால் இறங்கவில்லை.

வேறு யாரோ தைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஷூட் நடந்தது. கல்யாண நாள் காலையில் போட்டோக்கள் வந்தன. ஆற்று மணலில் இரண்டு பேரும் கை கோத்து நடக்கிறார்கள். அரக்குப் புடவை, முழுக்கை ஜாக்கெட். தையல் நன்றாகத்தான் இருந்தது. மகள் கண்ணாலும் சிரித்திருந்தாள்.

சொந்தக்காரர்கள் வரிசையாக வைத்தார்கள். இதயம், ரோஜா, நூறு வருஷம். என் அக்கா எல்லாரையும் முந்திக்கொண்டு வைத்திருந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹூக் கட்ட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"நீ இன்னும் வைக்கலியே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"போன்ல நெட் இல்லியா?"

"இருக்கு."

"அப்ப வை. பெத்தவ நீயே வைக்கலைன்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? தெரியலைன்னா போன எடுத்துட்டு வா, நான் வச்சுத் தரேன்."

"வைக்கத் தெரியும். வைக்கல."

"ஏன்டீ?"

"அவ நல்லா இல்ல."

அக்கா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"புருஷன் பொண்டாட்டின்னா முன்னபின்ன இருக்கும். அதுக்காக ஒரு போட்டோ வைக்கக் கூடாதா? ஒரு நாளைக்குத்தானே. நாளைக்கு அதுவா போயிடப் போகுது."

"உனக்குப் போயிடும்."

போனை வைத்துவிட்டேன். பிறகும் வேறு வேறு ஆட்கள் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. போட்டோ எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. சிரிப்பதையும் சொல்லவில்லை. அடித்துச் சிரிக்க வைத்த படத்துக்குக் கீழே என் பெயரில் வாழ்த்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள். அரக்குப் புடவை, முழுக்கை ஜாக்கெட், கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணா பாத்தேன். உன்னுது மட்டும் இல்ல. அப்புறம் என்னால வேற எதையும் பாக்க முடியல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "உங்கம்மாவுக்கு என்ன திமிருன்னார். கூப்பிட்டு வைக்கச் சொல்லுன்னார். மாட்டேன்னேன். கைய ஓங்கினார். எறங்கி வந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"கைய கழுவிட்டு வா."

மறுநாள் விட்டு அடுத்த நாள் சம்பந்தியம்மா வந்தார். மாப்பிள்ளை தெருமுனையில் பைக்கிலேயே இருந்துகொண்டார். சம்பந்தியம்மா பூ, பழமெல்லாம் தட்டில் எடுத்து வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"கல்யாண நாள் அன்னிக்கே பொண்ணு வீட்ட விட்டு வந்தா ஊரு என்ன பேசும் சம்பந்தி? நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல. இன்னிக்குக் காலைலகூட அவன் ரெண்டு பேரும் இருக்கற போட்டோவத்தான் போட்டிருக்கான்."

காட்டினார். முக்கொம்பு ஊஞ்சல். கீழே "என் உலகம்" என்று எழுதியிருந்தது.

"அவ இங்க இருக்கா. இது எப்படி?"

"பழைய போட்டோ. யாருக்குத் தெரியப் போகுது? நீங்களும் ஒண்ணும் சொல்லிக்காதீங்க. ரெண்டு நாள்ல அழைச்சிட்டுப் போயிடறோம். வெளில தெரியாமலே முடிஞ்சிடும்."

துணி கொடுக்கிற அந்தப் பக்கத்துத் தெருப் பெண் வாசலில் காத்திருந்தாள். இன்னும் ஓரிருவர் பின்னால் நின்றார்கள்.

"கதவ கொஞ்சம் சாத்திக்கலாமே" என்றார் சம்பந்தியம்மா.

"இது கடைங்க. சாத்த முடியாது."

அப்போது மகள் உள்ளேயிருந்து வந்தாள். என் பழைய ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தாள். குட்டைக் கை. உடம்புக்குத் தொளதொளவென்று கிடந்தது. நான் வரச் சொல்லவில்லை. வாசல் வெளிச்சத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஜாக்கெட்டை மடியில் வைத்து ஹூக் கட்ட ஆரம்பித்தாள். இரண்டு கையும் எல்லாருக்கும் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள். பக்கத்துத் தெருப் பெண் திருப்பவில்லை.

"அந்தத் துண்ட எடுத்து மேல போட்டுக்கம்மா" என்றார் சம்பந்தியம்மா.

"புழுக்கமா இருக்கு அத்தை."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "நீங்களாவது புத்தி சொல்லுங்க."

"அவ வரலைங்க. பழத்த எடுத்துட்டுப் போங்க."

"கொண்டு வந்தத எடுத்துட்டுப் போனா நல்லா இருக்காது."

"அப்ப இருக்கட்டும். சாப்பிடறோம்."

அவர் போனபிறகு பக்கத்துத் தெருப் பெண் உள்ளே வந்தாள். போனை நீட்டவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம். எங்க நாத்தனாருக்கு நான்தான் கூடப் போனேன். நாளைக்கு வரட்டுமா?"

மகள் ஊசியை நிறுத்தி யோசித்தாள். "காலைல வாங்கக்கா" என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். மகள்தான் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"பாலக்கரை முழுக்கத் தெரிஞ்சு போச்சுடீ. என் மருமக கேக்கறா, நீங்க வாழ்த்து வச்சீங்களே அத்தைன்னு. சிரிச்சிட்டே கேக்கறா. பேசாதவங்கல்லாம் போன் பண்றாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"இருக்கறத சொல்லு."

"எனக்கு வாய் வராதுடீ."

"அப்ப என் நம்பர குடு. நான் சொல்றேன்."

கொடுத்துவிட்டாள். கூப்பிட்டார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, துணி வெட்டிக்கொண்டே பேசினேன்.

"ஆமாங்க, வந்துட்டா. ஆமா, அடிச்சார். இல்ல, திரும்பப் போகல. நல்லாத்தான் இருக்கா, இங்கதான் இருக்கா, பேசறீங்களா? சரி. உங்க ஜாக்கெட் வெள்ளிக்கிழமை ஆகும்."