சட்டையைப் பற்றிக் கேட்காத கணவன்

நல்ல சிறுகதைக்கு இலக்கணம் இதுதான் என்று யாராவது நீட்டி முழக்கத் தொடங்கினால் எனக்குப் பொறுமை போய்விடும். எனக்குத் தெரிந்த இலக்கணமெல்லாம் வங்காலைக் கரையில், கருவாடு போடும் ஒரு வாடிக் கொட்டிலில், மீன் நாற்றத்துக்கு நடுவில் கிடைத்தது.

இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து ஊர் திரும்பிய புதிது. எனக்கு மீன் கீறத் தெரியாது. கட்டா மீனை நான் கீறினால் பாதிச் சதை முள்ளோடு போய்விடும். கூட வேலை செய்த மூன்று பெண்களும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கத்தியைப் பிடுங்கிவிட்டுக் கையில் ஞாயிறுப் பேப்பரைத் தந்தார்கள். "இந்தியாக்காரி, நீ இருந்து கதை வாசி. உன்ர பங்கையும் நாங்கள் வெட்டுறம்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் வாசிப்பேன், அவர்கள் கீறி உப்புப் போடுவார்கள். கதாநாயகி நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும், "அவளுக்கு வேலைவெட்டி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. இன்று என் போனில் ஆயிரம் கதை கிடக்கிறது. கூட இருந்து கேட்கத்தான் ஆளில்லை.

மூவரில் மூத்த அக்காவின் கணவர் கடலுக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. மாதா கோயிலில் அவருக்கு ஆத்துமப் பூசை கொடுக்கச் சொல்லி மாமியார் வீட்டில் நச்சரித்தார்கள். கொடுத்தால் அவர் செத்துப்போனார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அக்கா மறுத்தார். நாங்களும் அக்காவின் முகத்தைப் பார்த்து, "வருவார் அக்கா" என்றுதான் சொல்லுவோம்.

ஒருநாள் வந்த கதையில் ஒருத்தியின் கணவன் வெளியூர் போனவன், திரும்பவில்லை. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அவனுடைய சட்டையை எடுத்து அவன் தம்பிக்கு உடுக்கக் கொடுக்கிறாள். அந்த இடத்தில் என் கண் கீழே ஓடி முடிவைப் பார்த்துவிட்டது. அவன் வரவே இல்லை. அக்காவுக்கு அதை எப்படி வாசிப்பது? பேப்பரைப் பார்த்தபடியே, கதவு தட்டும் சத்தம், கணவன் வந்து நின்றான், அவள் அழுதாள், எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள் என்று என் கைச்சரக்கைக் கடகடவென்று சொல்லி முடித்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"வந்தவன், தம்பி தன்ர சேட்டுப் போட்டிருக்கிறதைக் கண்டும் ஒண்டும் கேக்கேல்லையோ?"

நான் பேப்பரை மடிக்கப் பார்த்தேன்.

"எத்தினை வரியம் கழிச்சு வந்தாலும் கேப்பான், பிள்ளை. மாத்திப்போட்டாய் என்ன? உள்ளதை வாசி."

வாசித்தேன். தம்பி அந்தச் சட்டையோடு முற்றத்தில் முதுகைக் காட்டி நிற்கிறான். "இஞ்சாருங்கோ" என்று கணவனைக் கூப்பிடுவதுபோல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு, "தம்பி, சாப்பிட வாரும்" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

அக்காவின் கையெல்லாம் உப்பு. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரி" என்றார். அதற்குப் பிறகு நானே எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது அந்த "இப்ப சரி" கிடைக்குமா என்று பயமாகத்தான் இருக்கிறது. சட்டையை எடுத்துக் கொடுத்தவளுக்கு அதற்குமேல் என்ன நடக்கும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பேப்பரைக் கையில் வைத்து வாசித்த எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார், சுவாமியாரிடம் ஆத்துமப் பூசைக்குச் சொல்ல. பாதி வழியில் கேட்டார்.

"அவர் வரமாட்டார் எண்டு உங்களுக்கெல்லாம் தெரியும்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அக்கா" என்றேன்.

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"அப்ப, எட்டு மாசமா எல்லாரும் சேந்து எனக்கு மாத்தித்தான் வாசிச்சிருக்கிறியள்."