வெளி வெங்காயம் வராத வருடம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், வருடங்களும் மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிக் கடல் கடந்து இந்தக் கிள்ளானுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் சாமான் நிறைந்த தட்டைக் கண்டால் எனக்குக் கை நீளாது. போன வாரம் சீனிப் பொட்டலங்களின் முன்னே நின்று, "ஒருத்தருக்கு எத்தனை தருவீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"கல்யாணம் ஏதும் வச்சிருக்கீங்களா ஆன்டி? லோரியில ஏத்தணும்னாலும் ஏத்திக்கலாம் லா" என்றார் கடைக்காரர். கூச்சத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் என்னோடு ஒட்டிக்கொண்டது. எழுபதுகளில் அரசாங்கம் சொன்ன அளவுதான் அரிசி, சொன்ன அளவுதான் துணி. வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு அடைப்பு. ஆனால் அந்த அடைப்பில்தான் அப்பாவின் வெங்காயம் நல்ல விலைக்குப் போய், எங்கள் வீட்டுக்குக் கல்சுவர் வந்தது. பிறகு கதவைத் திறந்தார்கள். கடையெல்லாம் சாமான். வெளி வெங்காயமும் கப்பலில் வந்து இறங்க, எங்களுடையது கொட்டிலில் கிடந்து அழுகியது. அப்பா பாதித் தோட்டத்தை விற்றார். அந்தக் காசில்தான் என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். மீதிப் பாதி தம்பிக்கு.

சில வருடங்களுக்கு முன், கையில் டாலர் இல்லாமல் எங்கள் நாடே அங்கே விழுந்தது. மறுபடி வரிசை. உரமும் வரவில்லை.

"மாமாவ நெலத்த வித்துட்டு வரச் சொல்லுங்கம்மா. இங்க பக்கத்துல மேருல ஃபேக்டரி வேல இருக்கு" என்றான் என் மகன்.

தம்பியிடம் சொன்னேன். "விக்கமாட்டன் அக்கா. அப்பா செய்த மாதிரி, உரத்துக்குப் பதிலாப் பூவரசம் குழை வெட்டி மண்ணுக்கை தாட்டிருக்கிறன். சனம் எனக்கு மூளை தட்டிப்போட்டுது எண்டு சிரிக்குது. நீங்களும் சிரிச்சிட்டு ஃபோனை வையுங்கோ" என்றான்.

நான் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டமும் போய்விட்டால் எங்களுக்கென்று அங்கே ஒரு பிடி மண் இல்லை.

டாலர் இல்லாததால் வெளி வெங்காயமும் வரவில்லை. வியாபாரிகள் தோட்டத்துக்கே லொறி கொண்டுவந்து நின்றார்கள். அடுத்தடுத்த போகங்களில் தம்பி, அப்பா விற்றதில் ஒரு துண்டை மீட்டே விட்டான். வீடியோவில் அதன் நடுவே நின்று, "சிரிச்சவையெல்லாம் இப்ப குழை எங்க வெட்டினனி எண்டு கேக்கினம்" என்றான். ஊர் வரிசையில் வாடிய காலத்தில் சந்தோஷப்படலாமோ தெரியாது. பட்டேன்.

கிள்ளான் பாசாரில் வெங்காய விலை ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "அங்கை விலை ஏறிச்சுதோ?" என்று ஆசையாகக் கேட்கிறேன்.

கதவை அடைத்தது எப்போது, திறந்தது எப்போது என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்தத் துண்டு நிலத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது எங்களுடையதுதான்.